எங்கள் ஃபிளிப் சார்ட்டில் இல்லாத பக்கம்

ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி எதற்காக மறுபடி கல்லூரிக்குப் போனாள் என்று எழுதித் தரும்படி கேட்டார்கள். ஹெல்த் எஜுகேஷன் முதுகலையில் சேர நினைக்கும் இளைய நர்ஸுகளுக்கு உதவுமாம். பாடத்திட்டம், விண்ணப்பம், தகுதி எல்லாம் இணையத்திலேயே இருக்கின்றன. அங்கே இல்லாதது ஷண்முகம் என்ற லேத் ஆபரேட்டரின் வலது கால். அந்தக் கால் போயிருக்க வேண்டியது. அதைப் போகவைக்க நாங்கள் நடத்திய சுகாதாரக் கல்வியும் தன் பங்கைச் செய்தது. ஆகவே காலைப் பற்றி எழுதுகிறேன். பட்டம் நடுவில் வந்து போகும்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அதுவும் ஒரு நடைமுறை.

1. முதல் நாள்

மராத்தி பேசும் ஊரில், தேஹு ரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து நர்சிங் சூப்பரின்டென்டென்டாக ஓய்வு பெற்றேன். எந்தக் கழிவு எந்த நிற வாளியில், இறந்தவரின் மோதிரத்தை யார் முன்னிலையில் கழற்ற வேண்டும், உடைந்த தெர்மாமீட்டரை எப்படிக் கணக்கிலிருந்து தள்ளுவது என்று எனக்குத் தெரியாத நடைமுறை அங்கே எதுவும் இல்லை. ஓய்வுக்குப் பிறகு, மகர்பட்டாவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய் அவன் சமையலறையில் கை கழுவும் முறையை எழுதி ஒட்டினேன். அவன் அதைப் படித்துவிட்டு, "அம்மா, நீ ஏதாவது படிக்கப் போயேன்" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். அடுத்த வாரம் விண்ணப்பித்துவிட்டேன்.

வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் இருபத்துச் சொச்சம் வயது. முதல் மணி நேரத்திலேயே நான் எல்லோருக்கும் 'காகூ' ஆகிவிட்டேன். மராத்தியில் சித்தி, பெரியம்மா என்று எப்படியும் வைத்துக்கொள்ளலாம். பாடம் எடுத்த ஷில்பா மேடத்துக்கும் என் மகன் வயதுதான். ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார்: "நோயாளிக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டால் அவர் அதன்படி நடப்பார். ஒத்துக்கொள்பவர்கள் கை தூக்குங்கள்."

நான் தூக்கினேன். வேறு யாரும் தூக்கவில்லை.

"இத்தனை வருஷத்தில் நீங்கள் சொன்னதை எல்லோரும் செய்தார்களா காகூ?"

"என் வார்டில் செய்யாதவர்கள் இல்லை."

"வார்டில் செய்வார்கள். வீட்டுக்குப் போனபின்?"

 வீட்டுக்குப் போனபின் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் என்று எழுதியதோடு என் வேலை முடிந்தது. முப்பத்தைந்து வருட வேலையில் இந்தக் கேள்வியை ஒருவர்கூடக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை என்பது அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அன்று மாலை சிவாஜிநகரில் லோக்கல் ரயிலைத் தவறவிட்டேன்.

2. ஏழாம் பக்கம்

இரண்டாம் வருடம் டிஸர்டேஷன், அதாவது ஆய்வேடு. சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் பராமரிப்பு என்று தலைப்பு எடுத்தேன். ஷில்பா மேடம் என் கைடு. முதலில் கேள்வித்தாள் கொடுத்து எவ்வளவு தெரியும் என்று பார்ப்பது, பிறகு வாரம் ஒரு செஷன், கடைசியில் அதே கேள்வித்தாள். மதிப்பெண் கூடியிருந்தால் கல்வி பலித்தது என்று அர்த்தம்.

செஷனுக்கு டிபார்ட்மென்டின் ஃபிளிப் சார்ட் இருந்தது. லேமினேட் செய்த எட்டுப் பக்கங்கள். வருடா வருடம் ஒவ்வொரு பேட்ச்சும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகும். முதல் ஆறு பக்கங்களில் கால் கழுவுவது, துடைப்பது, நகம் வெட்டுவது. ஏழாம் பக்கத்தில் கணுக்கால் வரை கறுத்த ஒரு கால், அதற்குக் கீழே முழங்காலுக்குக் கீழ் ஒன்றுமில்லாமல் ஊன்றுகோலில் நிற்கும் மனிதர். எட்டாம் பக்கத்தில், "புண் வந்தால் உடனே டாக்டரிடம் செல்லுங்கள், நன்றி." இந்த வரிசையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் பலமுறை புரட்டியும் இதில் எனக்கு எதுவும் தப்பாகத் தெரியவில்லை.

ஆய்வுகளின் நெறிமுறையைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனை போட்டது. கேள்வித்தாளும் பேச்சும் மட்டும்தான், பங்கேற்பாளரின் உடலை நான் பரிசோதிக்கக் கூடாது. வாழ்நாள் முழுக்கக் கண்டவர் காலையெல்லாம் தொட்டுக் கட்டுப்போட்டவள், இனி கால்களைப் பற்றிப் பேசலாம், பார்க்கக் கூடாது. விதி சரியானதுதான். கையெழுத்துப் போட்டேன்.

கசார்வாடியில் ராஜாமணி என்பவருடைய லேத் பட்டறையும் பக்கத்துப் பட்டறைகள் சிலவும் சர்க்கரை நோய் உள்ள ஆட்களை அனுப்ப ஒத்துக்கொண்டன. ராஜாமணி கோயம்புத்தூர்க்காரர்.

"உங்க படிப்புக்கு நம்ம ஆளுங்கதான் கெடச்சாங்களா சிஸ்டர்? சரி, எடுத்துக்கோங்க. சாப்பாட்டுக்கு அப்பறம் அரை மணி நேரம். அதுக்கு மேலன்னா மெஷின் அழுகுமுங்க."

"மெஷின் அழாது. நீங்கதான் அழுவீங்க."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

3. வாசலில் நின்றவர்

பட்டறையில் உட்கார இடமில்லை. தெருமுனையில் கணபதி விழாக் குழுவின் மண்டல் ஹால் இருந்தது, அதைக் கேட்டு வாங்கினோம். உள்ளே பிள்ளையார் இருப்பதால் எல்லோரும் வாசலில் செருப்பு, ஷூ கழற்றிவிட்டுத்தான் வருவார்கள். ஒருவர் மட்டும் வரமாட்டார். ஷண்முகம். சிவகாசிப் பக்கத்துக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். ராஜாமணி பட்டறையில் பெரிய லேத் அவர் கையில் இருந்தது. சேஃப்டி ஷூவோடு நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டே கேட்பார்.

"உள்ள வாங்க ஷண்முகம்."

"இருக்கட்டும் சிஸ்டர். லேஸ அவுத்து மறுபடி கட்டுறதுக்குள்ள டயம் ஆயிரும். இங்கயிருந்தே நல்லாக் கேக்குது."

"செருப்புக் காவலுக்கு ஒரு ஆளு வேணாமா சிஸ்டர்" என்று உள்ளே இருந்து ஒருவர் குரல் கொடுப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். ஷண்முகமும் சிரிப்பார்.

ஒரு செஷனைக்கூட அவர் விடவில்லை. உள்ளே இருந்தவர்கள் கொட்டாவி விட்டபோது வாசலிலிருந்து பதில் வரும்.

"குளிச்சதும் விரல் இடுக்கை என்ன செய்யணும்?"

"தொடச்சுக் காய வைக்கணும்."

"ஷூ போடுறதுக்கு முன்னாடி?"

"கவுத்துத் தட்டணும். உள்ள கைய விட்டுத் தடவிப் பாக்கணும்."

"அடிப்பாதத்தை எப்படிப் பார்ப்பீங்க?"

"தரையில கண்ணாடிய வச்சுப் பாக்கணும். இல்லன்னா வீட்டம்மாவப் பாக்கச் சொல்லணும்."

"வீட்டம்மா ஊர்ல இருந்தா?" என்றது செருப்புக் காவல் என்று கிண்டல் செய்த அதே குரல்.

"வீடியோ கால் போட்டு மூஞ்சிக்குப் பதிலா அதக் காட்டு. அவங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்" என்றார் ஷண்முகம்.

கடைசி கேள்வித்தாளில் ஷண்முகத்துக்கு முழு மதிப்பெண். ஒரு டவலும் சோப்பும் பரிசு வைத்திருந்தேன். அதை வாங்கக்கூட அவர் உள்ளே வரவில்லை, நான்தான் வாசலுக்குப் போய்க் கொடுத்தேன். என் குறிப்பில் 'முன்மாதிரிப் பங்கேற்பாளர்' என்று எழுதினேன். ஷில்பா மேடம் அந்த வரிக்குப் பக்கத்தில் டிக் போட்டார்.

4. செத்த எலி

இரண்டு பேர் கேள்வித்தாளில் ஒரு பக்கத்தை நிரப்பாமல் விட்டிருந்தார்கள். அதை முடித்து வாங்க ஒரு மத்தியானம் பட்டறைக்கே போனேன். ஷண்முகத்தின் லேத்தைத் தாண்டும்போது கூலன்ட் ஆயில் வாடைக்கு அடியில் வேறொரு வாடை வந்தது. நர்ஸுகளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு அதைச் சொல்லிப் பயனில்லை. நின்றுவிட்டேன்.

"இங்க என்ன நாத்தம் ஷண்முகம்?"

"எலி ஏதாச்சும் செத்திருக்கும் சிஸ்டர்."

"எந்த இடத்துல?"

"ஷீட்டுக்கு மேல." அவர் கூரையைக் கையால் காட்டினார். வாடை கீழே இருந்து வந்தது.

அப்போதுதான் அவர் நின்ற விதத்தைப் பார்த்தேன். உடம்பின் கனம் முழுக்க இடது காலில். வலது ஷூ தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. எத்தனை வாரம் இவரோடு பேசியிருக்கிறேன், அதுவரை அவர் முகத்தையும் கையையும்தான் பார்த்திருக்கிறேன். கமிட்டியின் நிபந்தனை ஒரு கணம் மனதில் வந்தது. பரிசோதிக்கக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது, மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று எழுதவில்லை.

"ஷூவைக் கழட்டுங்க."

"வேண்டாம் சிஸ்டர்."

"எத்தனை நாளா?"

அவர் சாணைக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காலி ஆயில் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்து மெஷின்காரர்கள் ஓட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஷண்முகமும் லேத்தை நிறுத்தினார். குனிந்து லேஸை அவிழ்த்தார்.

சாக்ஸுக்குள் பனியன் வேஸ்ட்டைச் சுற்றியிருந்தார். மெஷின் துடைக்கப் பட்டறையில் மூட்டையாகக் கிடக்கும் துணி. மஞ்சள் பூசி, அதன் மேல் ஏதோ ஆயின்மென்ட், அதன் மேல் அந்தத் துணி. பிரித்தேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது, பக்கத்து விரல் பாதி. பாதத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் போகும் அளவுக்குப் பள்ளம். லேத்தில் தெறித்த சூடான இரும்புச் சுருள் ஒன்று ஷூவுக்குள் விழுந்திருக்கிறது. சர்க்கரையால் மரத்துப்போன கால், ஒரு முழு ஷிஃப்ட் அதன் மேல் நின்றும் தெரியவில்லை.

நான் எத்தனையோ காலைப் பார்த்தவள். அடுத்து அவர் சொன்ன மாதிரி ஒன்றைக் கேட்டதில்லை. 

"மொத நாளு உங்ககிட்ட காட்டலாம்னுதான் சிஸ்டர் வந்தேன். அப்ப சின்னப் புண்ணு. எல்லாரும் போனப்பறம் தனியாக் கேக்கலாம்னு வாசல்லயே நின்னேன். நீங்க அந்தப் படத்தக் காட்டுனீங்க. கறுத்த காலு, அப்பறம் காலே இல்லாத ஆளு. அதுக்கடுத்த தாள்ல டாக்டரப் பாருங்கன்னு போட்டிருந்துச்சு. டாக்டர்கிட்டப் போனா இதுதான்னு புரிஞ்சிக்கிட்டேன்."

"பிறகு ஏன் ஒவ்வொரு வாரமும் வந்தீங்க?"

"புண்ணு வந்தாச்சு, இனிமே என்ன பண்ணணும்னு என்னைக்காச்சும் சொல்வீங்கன்னு பாத்தேன்."

நான் சொல்லவில்லை. சார்ட்டில் இல்லை. புண்ணே வராதவனுக்கு ஆறு பக்கம் வைத்திருந்தோம், காலை இழந்தவனுக்கு ஒரு பக்கம். நடுவில் இருப்பவனுக்கு, இன்னும் காப்பாற்றக்கூடிய காலோடு வாசலில் நிற்பவனுக்கு, ஒரு பக்கமும் இல்லை.

"ஒத்தக் கால்ல நின்னு ஓட்டப் பழகிட்டேன் சிஸ்டர்" என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. தன் ஏற்பாட்டைச் சொன்னார். "காலு போனாலும் மெஷின விட வேண்டாம்ல."

சத்தம் நின்றதைக் கேட்டு ராஜாமணி உள்ளே வந்தார். காலைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன? கழுத்தப் புடிச்சா வெளிய தள்ளியிருப்பேன்?"

"தள்ளுனீங்களே மொதலாளி. போன வருஷம் கையில அடிபட்ட அந்த பீகார்காரனை."

ராஜாமணி வேனை வாசலுக்குக் கொண்டுவரப் போனார்.

5. இரண்டு விரல்

அரசு மருத்துவமனை. சர்ஜனுக்கு மராத்தியும் இந்தியும்தான். ஷண்முகத்துக்கு இந்தி புரியும், ஆனாலும் அன்று எதுவும் காதில் ஏறவில்லை. நான் மொழிபெயர்த்தேன்.

"ரெண்டு விரலை எடுக்கணும். செத்த சதையைச் சுத்தம் பண்ணணும். எலும்புக்குள்ள பரவல. கால் நிக்கும்னு சொல்றார்."

"ரெண்டு வெரலா?"

"ரெண்டு விரல்."

"மொத்தமே ரெண்டு வெரலா?"

சிரிக்கத் தொடங்கினார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் சிரித்த நோயாளியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. ராஜாமணி அவர் தோளில் கை வைத்தார், பிறகு எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆரம்பத்தில் வந்திருந்தால் டிரெஸ்ஸிங்கும் மாத்திரையும் போதும், இரண்டு விரலும் இருந்திருக்கும். இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும். நீங்கள் நர்ஸ்தானே, இந்த ஆள்களுக்கு யாரும் எதுவும் சொல்லித் தரமாட்டார்களா?"

சொல்லித் தந்தோம், முழு மதிப்பெண் வாங்கினார் என்று நான் சொல்லவில்லை.

6. கைடு அறை

ஷில்பா மேடத்திடம் நடந்ததைச் சொன்னேன்.  அவர் தொழில் பேசினார்.

"அவரை டேட்டாவிலிருந்து எடுத்துவிடுங்கள் காகூ. ஏற்கெனவே புண் இருப்பவர்கள் ஆய்வில் சேரக் கூடாது என்று நாமே எழுதியிருக்கிறோம்."

"தெரியும் மேடம். சேர்க்கும்போது கேட்டேன். இல்லை என்றார்."

"அப்படியானால் விதிப்படி எடுத்துவிட வேண்டும்."

விதிப்படி சரி. எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். பிறகு அவரைச் சேர்த்தும் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். என்னை உலுக்கியது அதுதான். அவர் இருந்தாலும் எடுத்தாலும் முடிவு மாறவில்லை. மதிப்பெண் கூடியிருந்தது, எங்கள் சுகாதாரக் கல்வி பலனளித்திருந்தது. ஒரு மனிதனின் கால் அழுகிக்கொண்டிருந்த ஹால் வாசலில் எங்கள் மதிப்பெண் வரைபடம் அழகாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"ஒரு அடிக்குறிப்பு எழுதலாமா மேடம்?"

"என்னவென்று?"

"பங்கேற்பாளர் ஒருவர் புண்ணை மறைத்தார். மறைக்கச் சொல்லிக்கொடுத்தது நம் ஏழாம் பக்கம்."

அவர் அலமாரியிலிருந்து சார்ட்டை எடுத்தார். ஏழாம் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்தார். "இதை நான் எம்.ஏ. படித்தபோது தயாரித்தேன்" என்றார். "அந்தப் படத்தைத் தேடிக் கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆனது. வைவா நேர்காணலில் எல்லோரும் பாராட்டினார்கள். பயந்தால் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்."

எத்தனை பேட்ச் இதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவரே எண்ணிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அடிக்குறிப்பு எழுதினோம். புதிய பக்கம் ஒன்று சேர்க்கக் கமிட்டிக்குத் திருத்த விண்ணப்பம் போட்டோம். முதலில் சப்-கமிட்டி, பிறகு மொழிபெயர்ப்புச் சான்று, பிறகு மறுபடி சப்-கமிட்டி. எந்த மேஜையில் தூங்குகிறது, யாரிடம் கேட்டால் எழும் என்பதெல்லாம் எனக்குப் பழகிய வேலை. கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். வைவாவில் அந்த அடிக்குறிப்பைப் பற்றி யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதல் வகுப்பில் தேறினேன்.

7. டூல் ரூம்

ஆய்வு முடிந்துவிட்டது. இனி நான் யாருக்கும் ஆய்வாளர் இல்லை, ஓய்வுபெற்ற நர்ஸ். நர்ஸ் காலைப் பார்ப்பதை எந்தக் கமிட்டியும் தடுக்க முடியாது. கசார்வாடிக்கு மறுபடி போனேன். ஷண்முகம் அப்போது கட்டுப் பிரித்து, வீட்டில் நடந்து பழகிக்கொண்டிருந்தார். பெரிய லேத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் ராஜாமணி துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

சார்ட் எடுத்துப் போகவில்லை. எல்லோரையும் நிறுத்தி, வடக்கத்தி ஆட்களுக்கும் புரியட்டும் என்று இந்தியில் இவ்வளவுதான் சொன்னேன்: "காலில் இப்போதே புண் இருந்தால் பெரும்பாலும் கட்டுப் போட்டே ஆற்றிவிடலாம், வெட்ட மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நானே கூட வருவேன். வேலை போகாது, இதை உங்கள் முதலாளியே சொல்வார்."

ராஜாமணி ஒருமுறை தொண்டையைச் செருமினார். "போகாது" என்றார்.

டூல் ரூமில் உட்கார்ந்திருப்பேன், காட்ட வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வரலாம் என்றேன். அந்த அறைக்குக் கதவு உண்டு. அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்தப் படிப்புக்கு வரப்போகிற நர்ஸுகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். 'காட்டு' என்று யாரிடமும் கேட்கும் முன்பு, காட்டினால் அடுத்தது என்ன நடக்கும் என்று சொல்லிவிடுங்கள். யார் கூட வருவார்கள், எங்கே போக வேண்டும், வேலை என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அது தெரியாதவரை மனிதர்கள் எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொல்வார்கள், ஷூவை மட்டும் கழற்ற மாட்டார்கள்.

அன்று வெகு நேரம் யாரும் வரவில்லை. டீ வந்தது, குடித்தேன். ஒருவர் எட்டிப் பார்த்து, ஸ்பேனர் எடுக்க வந்ததாகச் சொல்லி எடுத்துக்கொண்டு போனார். கிளம்பலாம் என்று எழுந்தபோது ராஜாமணி உள்ளே வந்தார். நேரமாகிவிட்டது என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சுகர் லேசாத்தானுங்க இருந்துச்சு. டீயில சக்கரைய நிறுத்திட்டேன், சரியாப் போயிருமுன்னு விட்டுட்டேன்."

குனிந்து இடது ஷூவைக் கழற்றினார். குதிகாலில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது, அதன் ஓரம் ஈரமாக இருந்தது. நான் கையுறையை மாட்டிக்கொண்டேன்.

"சிஸ்டர்" என்றார், என்னைப் பார்க்காமல். "ஷண்முகத்துகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."